முந்தியவர்க்கே விண்வெளியா?

விண்வெளி மாந்தர் அனைவர்க்கும் பொது என்னும் தொடரைப் பள்ளிப் பேச்சுப் போட்டிகளிலும் பாடநூல்களிலும் நாம் பலமுறை கேட்டும் படித்தும் வந்திருக்கிறோம். செவிக்கு இனிய தொடர்தான். பொது என்றால் எல்லார்க்கும் பங்குண்டு என்றே எளிய மக்கள் பொருள் கொள்வர். ஊர்க்கிணறு பொது என்றால் ஊரார் அனைவரும் நீர் எடுக்கலாம் என்பது பொருள். பெரிய வாளி வைத்திருப்பவன் விடியுமுன் வந்து கிணற்றை வற்ற இறைத்துக்கொண்டு போகலாம் என்பது பொருளன்று. ஆயினும், விண்வெளியைப் பொறுத்தவரை இந்த இரண்டாம் பொருளே உலக நடைமுறையாகி வருகிறது. ‘எவருக்கும் சொந்தமில்லை, ஆதலால் முந்தி எடுப்பவருக்குச் சொந்தம்’ என்னும் வழக்கு, சட்டம் என்ற பெயரில் நம் கண்முன்னே உருவாகிக்கொண்டிருக்கிறது. சொல்லொன்றும் செயலொன்றுமான இவ்வழக்கைக் கண்டிப்பதும், நம்மைப் போன்ற சிறு நாட்டார் அதைக் கண்டும் வாளாவிருத்தல் தகாது என்று வற்புறுத்துவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

ஏட்டில் உள்ளது

1957ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 4ஆம் நாள் சோவியத்து ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. அதன்பின் வல்லரசுகள் இரண்டும் ஒன்றையொன்று அஞ்சின. நிலாவில் முதலில் கால் வைப்பவன் கொடியை நட்டு, ‘இஃது என் நாடு’ என்று கூறிவிடுவானோ என்னும் கலக்கம் இரு தரப்பிலும் இருந்தது. அவ்வச்சத்தின் பயனாய்ப் பிறந்ததே 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை. அவ்வாண்டு ஜனவரி 27ஆம் நாள் கையொப்பத்திற்கு வைக்கப்பட்டு, அக்டோபர் 10ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது.

அதன் முதல் விதி, விண்வெளியை ஆராய்வதும் பயன்படுத்துவதும் எல்லா நாடுகளின் நன்மையையும் கருதியே நடைபெற வேண்டும் என்கிறது. பொருள்வளத்திலோ அறிவியலிலோ ஒரு நாடு எந்நிலையில் இருப்பினும் இதில் வேறுபாடு இல்லை என்றும் தெளிவாக உரைக்கிறது. இரண்டாம் விதி, இறைமை கோரியோ, பயன்படுத்தியோ, குடியேறியோ, வேறெவ்வழியிலோ எந்நாடும் விண்வெளியைத் தன் உடைமையாக்கிக்கொள்ள முடியாது என்கிறது. ஆறாம் விதி, தனியார் நிறுவனங்கள் விண்வெளியில் செய்வனவற்றுக்கும் அவற்றின் நாடே பொறுப்பு என்று கட்டுகிறது.

இவை உயர்ந்த விதிகள், ஐயமில்லை. ஆனால், ஒரு குறையை நாம் மறைத்தல் ஆகாது. எல்லா நாடுகளின் நன்மைக்கும் என்று சொன்ன உடன்படிக்கை, அந்நன்மையை எப்படிப் பகிர்வது என்று சொல்லவில்லை. யார் அளப்பது, யார் கொடுப்பது, கொடாதவரை யார் கேட்பது என்னும் வினாக்களுக்கு அதில் விடை இல்லை. அற நோக்கம் எழுதப்பட்டது; நடைமுறை எழுதப்படவில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் கடந்த அரை நூற்றாண்டாக வலியவர் ஒருவர் பின் ஒருவராய் நுழைந்து வருகின்றனர்.

வானத்தில் ஒரே ஒரு தெரு

முதலில் நிகழ்ந்த அபகரிப்பைக் காண்போம். நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு வட்டப்பாதை உண்டு. உலகம் தன்னைத் தானே ஒருமுறை சுற்றும் அதே நேரத்தில் அப்பாதையிலுள்ள துணைக்கோளும் ஒரு சுற்றை முடிக்கிறது. ஆதலால், தரையிலிருந்து நோக்குவார்க்கு அஃது ஓரிடத்திலேயே அசையாது நிற்பதுபோல் தோன்றும். நம் வீட்டுக் கூரைகளில் உள்ள வட்டில் வானலைவாங்கிகளை ஒரு திசையில் பொருத்திவிட்டு மறந்துவிட முடிவது இதனால்தான். பின்னாளில் இலங்கையில் குடியேறி வாழ்ந்த ஆர்தர் கிளார்க் என்னும் ஆங்கில எழுத்தாளர், இப்பாதையில் மூன்று நிலையங்களை நிறுத்தினால் உலகெங்கும் செய்தி பரப்பலாம் என்று 1945இலேயே எழுதினார். 1964இல் சின்காம்-3 அங்கே சென்று நின்றது. அவ்வாண்டின் தோக்கியோ ஒலிம்பிக் காட்சிகள் அதன்வழியே பசிபிக்கைக் கடந்தன.

இத்தகைய பாதை ஒன்றே ஒன்றுதான். அதன் சுற்றளவு ஏறக்குறைய 2,65,000 கிலோமீட்டர் இருப்பினும், ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தும் துணைக்கோள்கள் நெருங்கி நின்றால் ஒன்றன் குரல் மற்றொன்றைக் கெடுக்கும். எனவே, அவற்றுக்கு இடையே சில பாகை இடைவெளி வேண்டும். அத்தெருவில் வீட்டுமனைகள் எண்ணி வைத்தவைதாம் என்பது இதனால் விளங்கும். மனைகளைப் பதிவு செய்வது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பணி. அது கைக்கொண்ட நெறியோ எளியது: முதலில் அறிவித்தவர்க்கு முதலுரிமை, பின்னே வருபவர் முன்னவர்க்கு இடையூறு நேராதபடி ஒதுங்கிக்கொள்ள வேண்டும். பணமும் ராக்கெட்டும் உள்ள நாடுகள் முந்திக்கொண்டன. விடுதலை பெற்றுப் பத்தாண்டுகூட ஆகாத நாடுகள், பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் கட்டிக்கொண்டிருந்த வேளையில், தங்கள் தலைக்கு மேலேயே இடங்கள் நிரம்புவதைக் கண்டன.

1976ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள், கொலம்பியா, எக்குவடோர், காங்கோ, சயீர், உகாண்டா, கென்யா, இந்தோனேசியா ஆகிய நிலநடுக்கோட்டு நாடுகள் பொகோத்தா நகரில் கூடி ஓர் அறிவிப்பை வெளியிட்டன. தங்கள் நிலப்பரப்புக்கு மேலுள்ள அப்பாதையின் பகுதி தங்களுடைய இயற்கை வளம் என்றும், தங்கள் இசைவின்றி அங்கே துணைக்கோள் நிறுத்தலாகாது என்றும் அவை முழங்கின. வளர்ந்த நாடுகள் நகைத்தன. சட்ட வல்லுநர் பலரும் அதைப் புறந்தள்ளினர்.

சட்ட நோக்கில் அவ்வுரிமைக் கோரிக்கை பிழையானதே. துணைக்கோளைப் பிடித்து நிறுத்துவது கொலம்பியாவின் மண் மட்டுமன்று. உலகம் முழுவதன் ஈர்ப்பாற்றல். மேலும், வான்வெளியைத் துண்டு போட்டுச் சொந்தம் கொண்டாடுவது 1967ஆம் ஆண்டின் இரண்டாம் விதிக்கே முரணாகும். ஆனால், வழக்கு பிழை என்பதனால் வழக்காடியவரின் குறையும் பொய்யாகிவிடுமா? ‘நாங்கள் வருமுன்னரே எல்லாம் முடிந்துவிடும்’ என்பதன்றோ அவர்தம் குறை! அதற்கு எவர் விடை சொன்னார்? அவ்வேழனுள் ஒன்றாகிய இந்தோனேசியாவைப் பாருங்கள். அவ்வாண்டு ஜூலையில்தான் அந்நாடு பாலாப்பா என்னும் தன் முதல் துணைக்கோளை ஏவியிருந்தது. அமெரிக்க நிறுவனம் செய்து தந்த அக்கோள், அமெரிக்க மண்ணிலிருந்து ஏறியது. ஆயிரக்கணக்கான தீவுகளைத் தொலைபேசியால் இணைக்க அத்தெருவில் ஓரிடம் எவ்வளவு இன்றியமையாதது என்பதைப் பட்டறிந்த நாடு அது. பொறாமையால் பேசியதாக அதனைப் பழித்தல் நேர்மையாகாது.

கூச்சல் முற்றும் வீண்போகவும் இல்லை. அப்பாதையும் அலைவரிசைகளும் அளவுக்குட்பட்ட இயற்கை வளங்கள் என்று 1973இலேயே ஒப்புக்கொண்டிருந்த ஒன்றியம், 1982இல் நைரோபி மாநாட்டில் வளரும் நாடுகளின் தேவையையும் கருதவேண்டும் என்று எழுதிக்கொண்டது. 1985, 1988ஆம் ஆண்டுகளின் மாநாடுகளில், குறிப்பிட்ட சில அலைவரிசைகளிலேனும் ஒவ்வொரு நாட்டுக்கும் ஓரிடம் ஒதுக்கிவைக்கும் திட்டம் பிறந்தது. இஃது எவரும் இரங்கி அளித்த கொடையன்று. நகைப்புக்கு அஞ்சாமல் பேசியதன் விளைவு. ஒதுக்கப்பட்ட அச்சிறு பகுதிக்கு வெளியே இன்றும் முந்தியவர் நெறியே ஆள்கிறது என்பதையும் நாம் மறத்தல் கூடாது.

தோங்கா செய்த குற்றம் என்ன?

1988ஆம் ஆண்டு முதல் பசிபிக்கின் நடுவேயுள்ள தோங்கா என்னும் சின்னஞ்சிறு முடியரசு, அத்தெருவில் 16 இடங்களைத் தனக்கென்று பதிவு செய்ய விண்ணப்பித்தது. ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்களே உள்ள நாடு; சொந்தமாக ஒரு துணைக்கோளும் இல்லை. இடங்களைப் பெற்று வாடகைக்கு விடுவதே அதன் எண்ணம். உடனே எழுந்தது கண்டனம். ‘பொதுவளத்தை வைத்து வணிகம் செய்வதா? பதுக்கலாமா?’ என்று பெரியவர்கள் அறம் பேசினர். இறுதியில் ஆறு இடங்களோடு தோங்கா அமைதியடைய நேர்ந்தது.

தோங்கா செய்தது தூய தொண்டு என்று நாம் வாதிடவில்லை. நாம் கேட்பது ஒன்றே. பெருநாடு பத்தாண்டுக்குப் பின் தேவைப்படும் என்று இன்றே இடம் பிடித்தால் அது தொலைநோக்கு. சிறுநாடு அதையே செய்தால் அது பேராசையா? நெறியை எழுதியவர்கள் பெரியவர்கள். அந்நெறியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியது தோங்கா. பின்பற்றியவரைப் பழித்தவர்கள், நெறியைப் பழிக்கவில்லை. ஏனெனில், நெறி அவர்களுக்கு ஊதியம் தந்தது.

தாழ்ந்த வானில் பெருங்கூட்டம்

இப்போது காட்சி மாறிவிட்டது. போட்டி உயர்ந்த பாதையிலிருந்து தாழ்ந்த பாதைக்கு இறங்கியிருக்கிறது. 2019ஆம் ஆண்டு மே திங்கள் முதல் ஸ்டார்லிங்க் துணைக்கோள்கள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் ஏறி வருகின்றன. ஏறத்தாழ 12,000 கோள்களுக்கு அமெரிக்கா இசைவு தந்தபின், மேலும் 30,000 கோள்களுக்கு அதே ஆண்டில் விண்ணப்பம் தரப்பட்டது. இன்று இயங்கும் துணைக்கோள்களில் பாதிக்கு மேற்பட்டவை அந்த ஒரே நிறுவனத்தின் உடைமை. சீனா வாளாவிருக்குமா? 2020இல் அது ஏறத்தாழ 13,000 கோள்களுக்கு விண்ணப்பித்தது. 2021இல் ருவாண்டா நாட்டின் பெயரால் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட கோள்களுக்கு ஒரு விண்ணப்பம் போயிற்று. முந்தியவர்க்கே உரிமை என்னும் நெறி, உலகை எத்தகைய பித்துக்கு இட்டுச் சென்றிருக்கிறது பாருங்கள்!

தாளில் மட்டும் கோள் விடும் இக்கூத்தைத் தடுக்க 2019ஆம் ஆண்டின் மாநாடு ஒரு விதி செய்தது. குறித்த காலம் முடிந்தபின் இரண்டாண்டுக்குள் பத்தில் ஒரு பங்கையும், ஐந்தாண்டுக்குள் பாதியையும், ஏழாண்டுக்குள் முழுமையையும் ஏவிக் காட்டவேண்டும் என்பது அவ்விதி. பதுக்கலைத் தடுப்பது நன்றே. ஆயினும், ஏழாண்டில் ஆயிரக்கணக்கான கோள்களை ஏவும் வலிமை எவருக்கு உண்டு? பொய் விண்ணப்பக்காரரை வெளியேற்றிய அதே விதி, மெய்யான வலிமையுடையோர் ஓரிருவர்க்கு வாயிலை அகலத் திறந்துவிட்டது. பின்னே வரும் நாட்டுக்கு ஒரு பங்கை விட்டுவைக்க வேண்டும் என்று மட்டும் அது சொல்லவில்லை.

நம் நாட்டார் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. 2009ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் மலேசியாவின் ராசாக்சாட் துணைக்கோள் பசிபிக்கிலுள்ள குவாசலேன் தீவுத்திட்டிலிருந்து ஏவப்பட்டது. அதைச் சுமந்து சென்ற பால்கன்-1 ராக்கெட்டு, அன்று இளம் நிறுவனமாக இருந்த ஸ்பேஸ் எக்சின் படைப்பு. வாடிக்கையாளர் ஒருவரின் துணைக்கோளை அந்நிறுவனம் முதன்முதலாகப் பாதையில் சேர்ப்பித்தது அன்றுதான். இன்று தாழ்ந்த வானை நிரப்பியிருக்கும் நிறுவனத்தின் முதற்பாய்ச்சலுக்கு மலேசியக் கோள் துணைநின்றது. கூலி கொடுத்தோம், கோள் சென்றது, கணக்கு முடிந்தது. வானத்தில் நமக்கென்று என்ன மிஞ்சியது என்று கேட்டோமா?

ஊதியம் அவர்களுடையது; இடர் மட்டும் பொதுவானது. 2021இல் ஜூலையிலும் அக்டோபரிலும் ஸ்டார்லிங்க் கோள்கள் நெருங்கி வந்ததால் தன் விண்வெளி நிலையத்தை விலக்கிக்கொள்ள நேர்ந்தது என்று சீனா ஐக்கிய நாட்டு நிறுவனத்திடம் முறையிட்டது. முறையிட்ட சீனா என்ன செய்தது? 2022ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் இறுதியில், அதன் லாங் மார்ச் 5பி ராக்கெட்டின் பேருடல் கட்டுப்பாடின்றி நம் வட்டாரத்தின் மீதே வீழ்ந்தது. நள்ளிரவில் சரவாக் வானில் தீக்கோடுகள் பாய்வதை மக்கள் கண்டனர். மேற்குக் கலிமந்தானில் சிதைவுகள் கண்டெடுக்கப்பட்டன. நல்வாய்ப்பாக உயிர்ச்சேதம் இல்லை. நிலத்தில் விளையும் கேட்டுக்கு ஏவிய நாடே முழுப்பொறுப்பு என்று 1972ஆம் ஆண்டின் உடன்படிக்கை கூறுகிறது. எனினும், 1978இல் கனடாவில் அணுவுலையோடு வீழ்ந்த சோவியத்துக் கோளுக்காகக் கனடா கேட்டது 60 இலட்சம் கனடிய டாலர். 1981இல் கிடைத்ததோ 30 இலட்சம். கனடாவுக்கே பாதி என்றால், நம்மைப் போன்றோர்க்கு எவ்வளவு கிட்டும் என்பதைப் படிப்போரே கணித்துக்கொள்ளலாம்.

நிலாவின் விலை ஒரு டாலர்

மூன்றாவதாக நிலாவைக் காண்போம். 1979இல் ஐக்கிய நாட்டுப் பொதுப்பேரவை நிலா உடன்படிக்கையை ஏற்றது. நிலாவும் அதன் வளங்களும் மனித இனத்தின் பொதுச் சொத்து. அவற்றை எடுக்கும் காலம் வரும்போது பங்கீட்டுக்கு ஓர் அனைத்துலக ஒழுங்கு வேண்டும் என்று அது கூறியது. 1967இல் விடுபட்ட நடைமுறையை எழுத முனைந்த நல்ல முயற்சி அது. ஆனால், அமெரிக்காவும் சோவியத்து ஒன்றியமும் சீனாவும் அதில் சேரவில்லை. இந்தியா 1982இல் கையொப்பமிட்டு, உறுதி செய்யாது நின்றுவிட்டது. 1984இல் நடைமுறைக்கு வந்த அவ்வுடன்படிக்கையில் இன்றும் இருபதுக்குக் குறைந்த நாடுகளே உள்ளன. சேர்ந்திருந்த சவுதி அரேபியாவும் 2024இல் விலகிவிட்டது.

பொதுச் சட்டம் வேண்டா என்றவர்கள் தனிச் சட்டம் செய்துகொண்டனர். விண்வெளியிலிருந்து ஓர் அமெரிக்கக் குடிமகன் எடுக்கும் வளம் அவனுக்கே உரியது என்று 2015ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்கா சட்டம் இயற்றியது. 2017இல் லக்சம்பர்க்கும், 2019இல் ஐக்கிய அரபுச் சிற்றரசுகளும், 2021இல் சப்பானும் அவ்வழியே சென்றன. விண்வெளியை உலகப் பொதுவிடமாகத் தாங்கள் கருதவில்லை என்று 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க அதிபரின் ஆணை ஒளிவுமறைவின்றி அறிவித்தது. அவ்வாண்டு அக்டோபரில் எட்டு நாடுகளோடு தொடங்கிய ஆர்ட்டெமிஸ் இசைவுகள், வளம் எடுத்தல் தன்னளவில் உடைமையாக்கல் ஆகாது என்று கூறி, பணியிடங்களைச் சுற்றிப் ‘பாதுகாப்பு வட்டங்கள்’ அமைக்கவும் வழி செய்தன. சிங்கப்பூர் 2022ஆம் ஆண்டு மார்ச்சில் அவற்றில் கையொப்பமிட்டது. சீனாவும் உருசியாவும் 2021இல் தங்களுக்கென்று வேறொரு நிலா நிலையத் திட்டத்தைத் தொடங்கின. தாய்லாந்து இரு பக்கமும் சேர்ந்துகொண்டது. இரண்டு பந்தலிலும் இலை விரிக்கப்படுகிறது. எந்தப் பந்தலிலும் நாம் சமைப்பவராக இல்லை.

2020ஆம் ஆண்டு டிசம்பரில் நாசா நிறுவனம், நிலா மண்ணைச் சிறிதளவு எடுத்துத் தன்னிடம் விற்க நான்கு நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்தது. அவற்றுள் ஒன்று குறித்த விலை ஒரே ஒரு டாலர். ஒரு டாலருக்கு மண் வாங்கி நாசா என்ன செய்யும்? வாங்கவேண்டியது மண்ணன்று, முன்மாதிரி. ஒருவன் விற்றான், ஒருவன் வாங்கினான், எவரும் தடுக்கவில்லை என்று நாளை சொல்லிக்கொள்ள ஒரு சான்று வேண்டும். நிலாவின் மீதான வணிக உரிமைக்கு அடிக்கல், சந்தையில் ஒரு கட்டுக் கீரையின் விலைக்கு நாட்டப்பட்டது!

‘பெருங்கடல் எவருக்கும் சொந்தமில்லை; எனினும் அங்கே பிடித்த மீன் பிடித்தவனுக்குச் சொந்தமன்றோ?’ என்று இதற்கு நியாயம் கூறுவர். மீன் மீண்டும் பெருகும்; நிலாவின் தென்முனைப் பள்ளங்களில் உறைந்துள்ள பனிக்கட்டி மீண்டும் பெருகாது. வளமான பள்ளங்களும், வெயில் நீண்டு நிலைக்கும் மேடுகளும் அங்கே சிலவே. ஒன்றைச் சுற்றி ஒருவர் வட்டம் போட்டால், மற்றவர் வெளியேதான் நிற்கவேண்டும். சொந்தம் என்ற சொல்லைச் சொல்லாமலே சொந்தமாக்கிக்கொள்ளும் வழி இஃதன்றி வேறென்ன?

மறுப்புரைகளுக்கு மறுமொழி

பணம் போட்டவர் பயன் பெறுவது முறையன்றோ என்பர் சிலர். முறைதான். ஆனால், போடப்பட்ட பணம் யாருடையது? அப்பல்லோத் திட்டத்திற்குச் செலவான ஏறத்தாழ 2,500 கோடி டாலர் அமெரிக்கக் குடிமக்களின் வரிப்பணம். 2008இல் ஸ்பேஸ் எக்சுக்கு ஊன்றுகோலாய் அமைந்த 160 கோடி டாலர் ஒப்பந்தம் நாசா தந்தது. பொதுப்பணத்தில் கற்ற வித்தையைக் கொண்டு பொது வெளியில் ஈட்டும் ஊதியம் முழுவதும் தனியார்க்கே என்பது எந்தக் கணக்கில் சேரும்?

சோறும் கல்வியும் தேடும் நாடுகளுக்கு விண்வெளி வழக்கு எதற்கு என்பர் வேறு சிலர். 1969ஆம் ஆண்டு அப்பல்லோ-11 புறப்படும் முன்னாளில், கருப்பின மக்களின் தலைவர் ரால்ப் அபர்நாத்தி கோவேறு கழுதை வண்டிகளோடு ஏவுதளத்துக்கே சென்று, ஏழையின் பசியை நினைவூட்டினார். அக்குரல் மதிக்கத்தக்கது. ஆனால், அது செலவின் முறையைக் கேட்ட குரல். உரிமையை விட்டுக்கொடுக்கச் சொன்ன குரலன்று. புயல் எச்சரிக்கையும், மீனவர்க்கு வழிகாட்டலும், உட்புறச் சிற்றூர்ப் பள்ளிக்கு இணையமும் வானிலிருந்தே வருகின்றன. 1975ஆம் ஆண்டு இந்தியா, அமெரிக்காவிடம் இரவல் பெற்ற ஒரு துணைக்கோளைக் கொண்டு ஆறு மாநிலங்களில் 2,400 சிற்றூர்களுக்கு ஓராண்டு காலம் கல்வி ஒளிபரப்பு நடத்திக் காட்டியது. ஏழைக்கு விண்வெளி வேண்டா என்பவர், ஏழைக்குக் கிணறு வேண்டா என்பவரே.

பொதுவாக நடத்தினால் எதுவும் உருப்படாது என்பது மூன்றாவது மறுப்பு. வரலாறு அதைப் பொய்யாக்குகிறது. 1964இல் தொடங்கிய இன்டெல்சாட், நாடுகள் கூடி நடத்திய துணைக்கோள் அமைப்பு. தொடக்கத்தில் அமெரிக்கக் கை அதில் ஓங்கியிருந்தது மெய்யே. ஆயினும், அழைப்புகள் பெருகிய பெருவழிக்கும் அருகிய சிறுவழிக்கும் ஒரே கட்டணம் என்னும் நெறியால் சிறுநாடுகளும் பயன்பெற்றன. 1970இல் குவாந்தானிலும் 1971இல் செந்தோசாத் தீவிலும் எழுந்த தரைநிலையங்கள் உலகோடு நம்மை இணைத்தது அவ்வமைப்பின் வழியாகவே. 2001இல் அது தனியார்மயமாக்கப்பட்டது. கூட்டு முயற்சி தோற்றதனால் நேர்ந்ததன்று அது. கூட்டில் விளைந்த கனி கொழுத்துவிட்டதனால் நேர்ந்தது.

கூட்டுறவின் வலிமையைத் தோட்டப் பாட்டாளியின் வழிவந்த நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. காட்டை அழித்து ரப்பர் நட்ட கைகளுக்கு நிலப்பட்டா கிடைக்கவில்லை. பட்டா, தாளில் முந்தி எழுதிக்கொண்ட கும்பினிகளிடம் இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுப் பாட்டாளிகள் வெளியேற்றப்பட்ட காலத்தில், துன் சம்பந்தனார் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தால் தோட்டங்களே வாங்கப்பட்டன. தனித்து நின்றால் கூலி. கூடி நின்றால் உடைமையாளர். அன்று மண்ணில் மெய்ப்பட்ட இப்பாடம் விண்ணுக்கும் பொருந்தும்.

பனியில்லா நாடு பனிக்கண்டத்துக்குப் பேசியது

சிறுநாடு பேசினால் யார் கேட்பார் என்று சோர்வோர்க்கு மலேசியாவின் வரலாறே மறுமொழி கூறும். 1982இல் ஐக்கிய நாட்டுப் பொதுப்பேரவையில் பிரதமர் மகாதீர் அண்டார்க்டிக்காவைப் பற்றிப் பேசினார். குடிகளற்ற அக்கண்டம் ஒரு சில நாடுகளின் மன்றத்துக்கு உரியதன்று. உலக மக்கள் அனைவர்க்கும் உரியது என்பது அவர் வாதம். வெப்ப மண்டலத்து நாட்டுக்குப் பனிக்கண்டத்தில் என்ன வேலை என்று பலர் வியந்தனர். ஆனால், 1983 முதல் அப்பொருள் பேரவையின் நிகழ்ச்சிநிரலில் ஏறியது. மூடிய அறையில் கனிமப் பங்கீடு பேசிக்கொண்டிருந்தோர் உலகின் பார்வைக்கு ஆளாயினர். 1991இல் மத்ரித் நகரில் செய்த ஒப்பந்தம் அங்கே கனிமம் தோண்டுவதையே தடை செய்தது. அதற்குச் சூழலியலார் முயற்சியும் ஆசுத்திரேலியா, பிரான்சு ஆகிய நாடுகளின் மனமாற்றமும் முதற்காரணங்கள். எனினும், வெளியே நின்று கேள்வி கேட்ட குரல்களுக்கும் அதில் பங்குண்டு. கேள்வி கேட்ட மலேசியா 2011இல் அவ்வுடன்படிக்கையிலேயே உறுப்பினராகவும் அமர்ந்தது. இதுபோன்றே 1967இல், சின்னஞ்சிறு மால்ட்டாவின் தூதர் அர்விட் பார்டோ ஆழ்கடல் தரை மனித இனத்தின் பொதுச் சொத்து என்று முழங்கினார். 1982ஆம் ஆண்டின் கடற்சட்ட உடன்படிக்கையில் அக்கருத்து விதியாயிற்று.

அண்டார்க்டிக்காவுக்குப் பேசிய நாடு, நிலாவுக்கு ஏன் வாய் திறக்கலாகாது? நம்மிடம் அறிஞர் இல்லையா? ஐக்கிய நாட்டு விண்வெளி அலுவலகத்தின் இயக்குநராக இருமுறை பணியாற்றிய டாக்டர் மஸ்லான் ஒத்மான் மலேசியர் அல்லரா? ஐக்கிய நாட்டு விண்வெளிக் குழுவில் மலேசியாவும் சிங்கப்பூரும் உறுப்பினர்கள். அக்குழுவின் சட்டப் பிரிவு 2021இல் அமைத்த பணிக்குழு, விண்வெளி வளங்களைப் பற்றியே ஆய்ந்து வருகிறது. பேசவேண்டிய இடம் அது. பேசவேண்டிய காலம் இது.

என்ன கேட்கவேண்டும்? தாழ்ந்த பாதையிலும் அலைவரிசையிலும் பின்வரும் நாடுகளுக்கென ஒரு பங்கை ஒதுக்கிவைத்தல் வேண்டும். 1988இல் உயர்ந்த பாதையில் முடிந்தது இங்கு முடியாது என்பதற்குக் காரணமில்லை. நிலா வளங்களைப் பற்றிய விதி, ஒரு நாட்டின் சட்டமன்றத்திலோ இரு நாட்டுக் கூட்டணியிலோ அன்றி, உலக மன்றத்தில் எழுதப்படல் வேண்டும். கையொப்பமிட்ட நாடுகள் உள்ளிருந்தே இதைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். மூன்றாவது நம் கையிலேயே உள்ளது. வானில் எத்தனை ஆயிரம் கோள்கள் சுற்றினும், ஒரு நாட்டின் மண்ணில் பணி செய்து பணம் பெற அந்நாட்டின் உரிமம் வேண்டும். மலேசியா 2023இல் ஸ்டார்லிங்குக்கு உரிமம் அளித்தது. உரிமம் தரும் கைக்கு நிபந்தனை விதிக்கும் வலிமையும் உண்டு. தென்கிழக்காசிய நாடுகள் தனித்தனியே உரிமம் தருவதை விடுத்து, கூடிப் பேரம் பேசினால், கோடிக்கணக்கான மக்களின் சந்தையை எந்த நிறுவனம் புறக்கணிக்கும்?

தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும்

இதில் தமிழ் வகுப்புக்கு என்ன தொடர்பு என்று ஆசிரியர் சிலர் எண்ணக்கூடும். நம் மேடைகளில் விண்வெளி என்றாலே இரண்டு பேச்சுகள்தாம் கேட்கின்றன. ஒன்று, சங்கப் புலவர் அன்றே வானூர்தியைப் பாடிவிட்டார் என்னும் பெருமிதம். மற்றொன்று, 2007இல் மலேசியர் ஒருவர் விண்வெளி சென்றார். நாளை நம் பிள்ளையும் செல்வான் என்னும் கனவு. இரண்டும் மனத்துக்கு இதமானவை. இரண்டும் வழக்கைத் தொடாதவை. சென்றவர் யார் என்பதைவிட, அங்கே விதி எழுதுபவர் யார் என்பதே நம் பேரப்பிள்ளைகளின் வாழ்வைத் தீர்மானிக்கப் போகிறது.

விண்வெளிச் சட்டத்தையும் பொருளியலையும் தமிழில் பேசும் சொற்கள் நமக்கு வேண்டும். உடைமை, பங்கீடு, பொதுவளம், முன்னுரிமை, இழப்பீடு என்னும் சொற்கள் நம் மொழியில் புதியன அல்ல. நிலத்துக்கும் நீருக்கும் வழக்காடிய மக்கள் ஆக்கிய சொற்கள் அவை. அவற்றை வானுக்கும் எடுத்துச் செல்வதே நம் பணி. பட்டிமன்றத் தலைப்பாக இதைக் கொடுங்கள். கட்டுரைப் போட்டிக்கு இதை வையுங்கள். 1967ஆம் ஆண்டு உடன்படிக்கையின் முதலிரண்டு விதிகளையும் மாணவர் தம் சொந்த நடையில் எழுதட்டும். அவை மீறப்பட்டனவா என்று அவர்களே தீர்ப்புச் சொல்லட்டும். அவர்களுள் ஒருவர் நாளை ஜெனிவாவிலோ வியன்னாவிலோ நம் நாட்டின் பெயர்ப்பலகைக்குப் பின்னே அமர்ந்து, ‘பொது என்றால் எங்கள் பங்கு எங்கே?’ என்று கேட்டால், அவ்வினாவுக்குரிய பயிற்சி நம் தமிழ் வகுப்பில் தொடங்கியதாக இருக்கட்டும்.